மாமரத்தில் தொங்கிய இரண்டாவது விமானம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் காவேரிப்பட்டணத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். போர்வெல் மோட்டார், மிக்சி, கிரைண்டர், டேபிள் ஃபேன் என்று எது புகைந்தாலும் என் கடைக்கு வரும். இன்றைக்கு என்னை இங்கே அழைத்திருப்பது அதற்காக இல்லை. கடைக்கு வருகிறவர்கள் முதலில் தலையை நிமிர்த்திப் பார்ப்பது, உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் விமானங்களைத்தான். ஐந்து இருக்கின்றன. மூன்று பறக்கும். இரண்டு இனிமேல் பறக்காது.

பொம்மைதானே என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றேகால் மீட்டர் இறக்கை, சுமார் ஒரு கிலோ எடை, மூக்கில் மின்மோட்டார், நம் கையில் ரிமோட். தரையில் நின்றுகொண்டே ஏற்றலாம், திருப்பலாம், இறக்கலாம். கல்லூரிப் பையன்கள் சிலர் இதற்காகவே கடைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். “அண்ணா, டிரெய்னர் ஓட்டிப் பழகிட்டேன். அடுத்து என்ன வாங்கலாம்?”

கேட்கும்போதே பதிலையும் மனசில் வைத்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போர் காலத்து ஸ்பிட்ஃபயர் போர் விமானம், இல்லாவிட்டால் ஜெட். வேண்டாம் தம்பி என்பேன். முகம் சுருங்கிவிடும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படிச் சுருங்கியதுதான்.

டிரெய்னர் என்பது என்ன? இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் நுனி லேசாக மேல்நோக்கித் தூக்கியிருக்கும். காற்று ஒரு பக்கம் சாய்த்தாலும், ரிமோட்டில் உள்ள ஸ்டிக்கை விட்டுவிட்டால் போதும், தானாக நிமிர்ந்துகொள்ளும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி. பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் இந்த வாத்தியார் நம் தப்பையெல்லாம் சத்தமில்லாமல் திருத்திவிடுவார். நாம்தான் சரியாக எழுதினோம் என்று நினைத்துக்கொள்வோம்.

நான் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாசி மாதம், காரிமங்கலம் பக்கத்தில் வற்றிப்போன ஏரி ஒன்றில் பழக ஆரம்பித்தேன். ஆறு வாரம். ஏற்றுகிறேன், வட்டமடிக்கிறேன், இறக்குகிறேன். சித்திரை பிறந்ததும் சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு ஒரு போர் விமானம் வாங்கினேன். தாழ்ந்த இறக்கை, கூர்மையான நுனி, பார்த்தாலே கை துறுதுறுக்கும். கையிலிருந்து வீசிவிட்டேன். முதல் திருப்பத்தில் சாய்ந்தது. டிரெய்னர் பழக்கத்தில் ஸ்டிக்கை விட்டுவிட்டுக் காத்திருந்தேன், நிமிரும் என்று. அது நிமிரவில்லை. சாய்த்த இடத்திலேயே சாய்ந்தபடி சுற்றிக்கொண்டு போய் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த மாந்தோப்பில் இறங்கிவிட்டது.

காய் முற்றிக்கொண்டிருந்த சமயம். தோப்புக்காரப் பெரியவர் தொரட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது என்ன ரகம் தம்பி? பெங்களூராவை விட நீளமா இருக்கே.”

அந்த விமானத்தில் எந்தக் குறையும் இல்லை. நான்தான் ஒரே தாவலில் மூன்று விஷயத்தை மாற்றிவிட்டேன். உடைந்த விமானத்தை ஒட்டவைக்க உட்கார்ந்த இரண்டு வாரத்தில்தான் அது புரிந்தது.

ஒன்று, தானாக நிமிரும் குணம் போய்விட்டது. தாழ்ந்த இறக்கை விமானம் நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும். சாய்த்தால் சாய்ந்தே இருக்கும். நிமிர்த்த வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் ஸ்டிக் கொடுக்க வேண்டும்.

இரண்டு, வேகம். இது கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். என் டிரெய்னர் 900 கிராம், இறக்கையின் பரப்பு 2,400 சதுர சென்டிமீட்டர். போர் விமானம் 1,200 கிராம், பரப்பு 1,700 மட்டும்தான். எடையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமக்கிற பாரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. அதனால் விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் இரண்டு மடங்கு ஆகாது, வர்க்கமூலக் கணக்குப்படி கிட்டத்தட்ட 1.4 மடங்கு. டிரெய்னரில் நிதானமாக ஊர்ந்து வந்த அதே வேகத்தில் இதைக் கொண்டுவந்தால், இறக்கை காற்றைப் பிடிப்பதை விட்டுவிடும். ஸ்டால் என்பது இதுதான். அதிலும் கூர்மையான நுனி இருந்தால் ஒரு பக்க நுனி முதலில் கைவிடும். கண் இமைப்பதற்குள் குப்புறப் புரண்டுவிடும்.

திருப்பத்தில் இது இன்னும் மோசம். 60 டிகிரி சாய்த்துத் திருப்பினால் இறக்கை தன் எடையைப் போல இரண்டு மடங்கு சுமக்கிறது. நேராகப் போகும்போது போதுமாக இருந்த வேகம் அங்கே போதாது. இறங்க வரும்போது, தாழ்வான உயரத்தில், ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசித் திருப்பம் இருக்கிறதே, நான் பார்த்த வரையில் அதிகம் விமானம் உடைந்தது அங்கேதான்.

மூன்றாவது ஏலரான். முதல் டிரெய்னரில் பல பேருக்கு மூன்று சானல்தான், அதாவது ரிமோட்டில் தனித்தனியாக இயக்குவது மூன்றுதான் இருக்கும்: வேகத்துக்கு த்ராட்டில், ஏற்ற இறக்க எலிவேட்டர், திருப்ப ரட்டர். இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் ஏலரான் வந்தால் நாலு சானல். ரட்டரில் திருப்பினால் விமானம் யோசித்து யோசித்துச் சாயும். ஏலரானில் சொன்ன நொடியில் சாயும்.

ஆகவே நான் பையன்களுக்குச் சொல்வது இதுதான்: அடுத்த விமானத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும் மாற வேண்டும். மூன்று சானல் டிரெய்னர் ஓட்டியவன், மேல் இறக்கையே உள்ள நாலு சானல் விமானத்துக்குப் போகட்டும். ஏலரான் மட்டும்தான் புதுசு. அது கைக்கு வந்தபின், தடித்த இறக்கையுள்ள, மெதுவாகவும் பறக்கக்கூடிய தாழ் இறக்கை ஸ்போர்ட் விமானம். அப்புறம் மேலும் கீழும் ஒரே வளைவுள்ள இறக்கை, அதாவது தலைகீழாகவும் ஒரே மாதிரி பறக்கிறது. தலைகீழாக இருக்கும்போது எலிவேட்டர் மாறிப்போகும், மேலே போக ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும். மூளை ஒப்புக்கொள்ளாது, விரல் பழக வேண்டும். போர் விமானம் இதற்கெல்லாம் பிறகு. ஜெட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நானே இன்னும் அங்கே போகவில்லை.

தாழ்ந்த இறக்கை என்றதும் ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே, ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளியில் நிஜ ஓடுபாதை இருக்கிறது. பெங்களூருவில் வடிவமைத்து 1993-ல் முதன்முதலாகப் பறந்த ஹன்சா என்ற இரண்டு பேர் உட்காரும் விமானத்தை அங்கே தயாரித்தார்கள். அது பயிற்சி விமானம், ஆனால் தாழ்ந்த இறக்கை. நிஜப் பயிற்சி விமானத்துக்கே தாழ்ந்த இறக்கை இருக்கும்போது நாங்கள் ஏன் மேல் இறக்கையில் தொடங்க வேண்டும் என்று ஒரு பையன் என்னை மடக்கினான். நல்ல கேள்வி. நிஜ விமானி உள்ளே உட்கார்ந்திருக்கிறார், சாய்ந்தால் அவர் உடம்பே சொல்லிவிடும். நாம் நூறு மீட்டர் தள்ளி நிற்கிறோம். நமக்குக் கண் மட்டும்தான்.

அந்தக் கண்ணை ஏமாற்றுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பெரிய கண்டம். விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது இடது என்றால் இடது. நம்மை நோக்கி வரும்போது எல்லாம் மாறிவிடும். நம் இடது, அதன் வலது. பதற்றத்தில் தப்பான பக்கம் தள்ளுவோம், சாய்வு இன்னும் அதிகமாகும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. எதிரே வரும்போது எந்தப் பக்க இறக்கை கீழே தாழ்ந்திருக்கிறதோ, ஸ்டிக்கை அந்தப் பக்கம் தள்ளுங்கள், கீழே முட்டுக் கொடுக்கிற மாதிரி. நிமிர்ந்துவிடும். இதை யோசிக்காமல் விரல் செய்கிற நாள் வரைக்கும் முதல் விமானத்தை மாற்றாதீர்கள்.

இன்னொரு பரீட்சையும் வைத்திருக்கிறேன். ஏற்றுவதை வைத்து நான் யாரையும் எடை போடுவதில்லை. இறக்குவதைத்தான் பார்ப்பேன். ஏரி மண்ணில் கட்டம் ஒன்று கோடு கிழித்து, தொடர்ந்து பத்து முறை அதற்குள் இறக்கிக் காட்டு என்பேன். அதில் இரண்டு முறை மோட்டாரை நிறுத்திவிட்டு. பத்தும் எதிர்க்காற்றில். காற்று முதுகில் இருக்கும்போது தரையைப் பார்த்தால் விமானம் வேகமாகப் போகிற மாதிரி தெரியும், உடனே த்ராட்டிலைக் குறைத்துவிடுவார்கள். ஆனால் அதன் இறக்கைக்குக் கிடைக்கிற காற்று குறைவாகத்தான் இருக்கும். அப்படியே விழும்.

மோட்டாரை நிறுத்திப் பழக கிளைடர், அதாவது மோட்டார் இல்லாமல் காற்றில் மிதக்கிற விமானம், நல்லது. ஏலரானுக்கும் தாழ் இறக்கைக்கும் நடுவில் ஒரு வருஷம் கிளைடர் ஓட்டச் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. பங்குனி வெயிலில் பத்து மணிக்கு மேல் வானத்தைப் பாருங்கள், பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே மேலே போகும். சூடான தரையிலிருந்து காற்று எழும்புகிற இடம் அது. பருந்துக்குக் கீழே கிளைடரைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அதுவும் ஏறும். மோட்டார் தொழிலில் இருக்கிற நான் மோட்டாரே இல்லாமல் அப்படி அரை மணி நேரம் பறக்கவிட்டிருக்கிறேன். இதைவிடச் சுகம் எனக்குத் தெரிந்து இல்லை.

மோட்டாரைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. முதல் மோட்டாரில் ‘1000 கேவி’ என்று எழுதியிருந்தது. கிலோவோல்ட் என்று நினைத்து மிரண்டுபோனேன். அது வோல்ட் இல்லை, ஒரு வோல்ட்டுக்கு ஆயிரம் சுற்று என்று அர்த்தம். மூன்று செல் பேட்டரி 11.1 வோல்ட் என்றால் சும்மா சுழலும்போது நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று. காயிலில் சுற்று குறைந்தால் இந்த எண் கூடும். மூன்று ஒயர் வரும். நம் போர்வெல் மோட்டார் மாதிரி மூன்று ஃபேஸ்தான் இதுவும். விமானத்தின் மூக்கிலுள்ள விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் எந்த இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுங்கள், சரியாகிவிடும். விவசாயிகளுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

பேட்டரி லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் வகை. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3.5-க்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள். பறக்காத நாளில் 3.8-ல் வைத்திருங்கள். உப்பிப்போனால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், பாவம் பார்க்காதீர்கள். எடை எங்கே நிற்கிறது என்பதையும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால், முன் ஓரத்திலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் முதல் ஏற்றத்திலேயே முடிந்தது கதை.

புது விமானங்களில் கைரோ என்று சாய்வை உணரும் கருவி வருகிறது, அதுவே சமன் செய்துகொள்ளும். தப்பில்லை. ஆனால் அடுத்த விமானத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு மாதமாவது அதை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். ரிமோட்டில் எக்ஸ்போ என்று ஒன்று இருக்கும். ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும். வேகமான விமானத்துக்கு அதை வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

இடம், நேரம். கேழ்வரகு அறுத்த வயல், வற்றிய ஏரி, இரண்டும் நல்லது. சீமைக்கருவேல் முள் இருக்கிறதா என்று நடந்து பார்த்துவிடுங்கள். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் காற்று அடங்கியிருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், உங்கள் விமானமும் பறக்கும், நீங்கள் நினைத்த பக்கம் இல்லை. 2021 ட்ரோன் விதிகள் நம் விமானங்களுக்கும் பொருந்தும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, அதாவது அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய இடமா என்று பார்த்துவிட்டு, 400 அடிக்குள், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மட்டும் ஓட்டுங்கள். ஓசூர் பக்கத்து நேயர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆட்கள், ரோடு, மின்கம்பி இதற்கு மேலே வேண்டவே வேண்டாம்.

அந்தப் போர் விமானத்தை ஒட்டி உத்திரத்தில் தொங்கவிட்டேன். நாலு சானல், அப்புறம் கிளைடர், அப்புறம் ஒரு தாழ் இறக்கை ஸ்போர்ட் விமானம். இப்படி மூன்று வருஷம் போனது. போன தை மாதம் அதை இறக்கி, தூசி தட்டி, அதே ஏரிக்குக் கொண்டுபோனேன். எப்படித் தெரிந்ததோ, தோப்புக்காரப் பெரியவர் கரைமேல் நின்றுகொண்டிருந்தார். கையில் தொரட்டி.

“தேவைப்படும்னு எடுத்துக்கிட்டு வந்தேன்” என்றார்.

ஏழு நிமிஷம் பறந்தது. கட்டத்துக்குள் இறங்கவில்லை, இரண்டு அடி தள்ளித்தான் இறங்கியது. தொரட்டி தேவைப்படவில்லை. பெரியவர் கொஞ்சம் ஏமாந்துபோன மாதிரிதான் திரும்பிப் போனார்.

வணக்கம்.