வீடு அம்மா பேரில், படத்தில் அம்மா இல்லை

நடுவர் அவர்களே, கல்லடிப் பாலத்துக் காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்துப் புழுக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

வீட்டுப் படங்களில் அம்மாவைக் காணோமே, அதற்குக் காரணம் அம்மாவின் கூச்சமா, எடுப்பவரின் அவசரமா? இதுதான் தலைப்பு. கூச்சம்தான் என்றார் எதிரணித் தம்பி. போனைக் கண்டாலே அவருடைய அம்மா முந்தானையால் முகத்தை மூடுகிறாராம்.

சரி தம்பி, நீங்கள் எந்த நேரம் போனைத் தூக்கினீர்கள்? அவர் குசினியில் வியர்த்து, தலை கலைந்து நின்ற நேரம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்த கையோடு குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டீர்கள். கனடாச் சித்தி உடனே, "அக்கா நல்லா மெலிஞ்சு போனா" என்று எழுதினார். அடுத்த தடவை அவர் முகத்தை மூடாமல் என்ன செய்வார்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது.

நம் மட்டக்களப்பு வழக்கத்தில் வீடு மகளுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறார். வீட்டு உறுதிப் பத்திரம் அம்மா பேரில் இருக்கிறது. ஆனால் சுவரைப் பாருங்கள்: அப்பா கதிர்காமம் போனது, மகன் பட்டம் வாங்கியது, மகள் பெரியவளான சாமத்திய வீடு. அம்மா? அந்த நேரம் பலகாரத் தட்டோடு எங்கேயோ நின்றிருப்பார்.

"அம்மாவுக்கே தன் படம் பிடிப்பதில்லையே" என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் நம் முகத்தைக் கண்ணாடியில் இடம் வலம் மாறித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். படத்தில் மாறாமல் வரும்போது யாரோ போலத் தெரியும். இதில் நீங்கள் வேறு ஒரு முழத் தூரத்தில் போனை நீட்டுகிறீர்கள். கிட்டத்தில் எடுத்தால் மூக்குப் பெருத்துக் காதுகள் ஒதுங்கித்தான் விழும். ஐந்தடி தள்ளி நின்று, கொஞ்சம் பெரிதாக்கி எடுங்கள். தலைக்கு மேல் எரியும் விளக்கை விட்டு, ஜன்னல் பக்கம் அவரை உட்கார வையுங்கள். எடுத்ததை முதலில் அவரிடம் காட்டுங்கள். அழி என்றால் அழியுங்கள். இவ்வளவையும் செய்துவிட்டு வந்து கூச்சம் என்று சொல்லுங்கள், கேட்கிறேன்.

என் கதையையும் சொல்கிறேன். 1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் கூரை போனது. 2004 சுனாமியில் வீடே போனது, ஆல்பங்களும் கூடவே. அம்மம்மா காலமானபோது மாலை போட ஒரு படம் இல்லை. அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினோம். யாரோ அதட்டிப் பார்க்கச் சொன்னது போல விறைத்த முகம்.

போன மாதம் அம்மா பின்கதவடியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துப் படியில் குந்தி, பழைய கோயில் திருவிழாக் கதை ஒன்றைக் கிளறிவிட்டேன். "படம் எடுக்கட்டா அம்மா?" என்றேன். "போ மனே, இந்தக் கோலத்திலயா?" என்றார். போனை மடியில் வைத்துவிட்டுக் கதையைக் கேட்டேன். பாதியில் அவரே, "சரி, எடன்" என்றார். துருவல் ஒட்டிய புறங்கையால் நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். ஒன்றே ஒன்று எடுத்துக் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இது எங்கட அம்மாட சிரிப்பு" என்றார்.

அம்மம்மா சிரித்து நான் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை, நடுவர் அவர்களே. மணி அடிக்கிறார்கள், அமர்கிறேன்.