மூலைவாட்டத்தில் ஒரு கத்தரி: மத்லேன் வியோனே

நேயர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பு என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் கோகோ ஷனேல். அடுத்து கிறிஸ்டியன் டியோர். அவர்கள் இருவரைப் பற்றியும் எழுதப்பட்டதும் பேசப்பட்டதும் ஏராளம். ஆனால் துணியைக் கையில் எடுத்து வெட்டித் தைக்கிறவர்களிடம், இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலை உள்ளிருந்து மாற்றியவர் யார் என்று கேட்டால், அவர்களுள் பலர் மத்லேன் வியோனே என்ற பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அவர் ஆடையில் என்ன செய்தார், தம்மிடம் வேலை செய்தவர்களை எப்படி நடத்தினார், தம் கைவேலையைப் பிறர் களவாடாமல் காக்க எவ்வளவு பாடுபட்டார் என்பதைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

வியோனே 1876 ஜூன் 22 அன்று, பிரான்சின் லுவாரே மாவட்டத்தில் உள்ள ஷில்லேர்-ஓ-புவா என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்துவிட்டதால், பாரிசை ஒட்டிய ஓபர்வில்லியே பகுதியில் தந்தையிடம் வளர்ந்தார். படிப்பில், குறிப்பாகக் கணக்கில், கெட்டிக்காரி. ஆயினும் பன்னிரண்டு வயது வாக்கில் பள்ளியை விட்டு, ஒரு தையற்காரப் பெண்மணியிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். இளம் வயதிலேயே திருமணமாயிற்று. பிறந்த பெண் குழந்தை இறந்துபோனது. அந்த மணவாழ்வும் முறிந்தது. அதன்பின் அவர் லண்டனுக்குச் சென்று, முதலில் ஒரு மருத்துவமனையில் துணிகள் தைக்கும் வேலையையும், பிறகு கேட் ரெய்லி என்ற ஆடையகத்தில் வேலையையும் பார்த்தார். பாரிசில் வெளியான மாதிரிகளை ஆங்கிலேயச் சீமாட்டிகளுக்காகத் திரும்பத் தைத்துக் கொடுப்பது அந்த ஆடையகத்தின் தொழில்களுள் ஒன்று. பிற்காலத்தில் நகலெடுப்பவர்களை நீதிமன்றம் வரை இழுத்தவர், நகல் தைக்கும் இடத்தில்தான் தம் கையைத் தேற்றிக்கொண்டார் என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசுக்குத் திரும்பியவர், கலோ சகோதரிகள் நடத்திய புகழ்பெற்ற ஆடையகத்தில் சேர்ந்தார். சகோதரிகளில் மூத்தவரான மரி ழெர்பே தாளில் படம் வரைந்து ஆடையை உருவாக்குகிறவர் அல்லர். உயிருள்ள பெண்ணின் உடல்மீதே துணியைப் போர்த்தி, ஊசி குத்தி, வடிவத்தைக் கண்டுபிடிக்கிறவர். அவர் கண்டுபிடித்த வடிவத்தைத் தைக்கத்தக்க ஆடையாக மாற்றும் பொறுப்பு வியோனேயிடம் இருந்தது. கலோ சகோதரிகளிடம் பழகியிராவிட்டால் தாம் ஃபோர்டு கார்களையே செய்துகொண்டிருந்திருப்போம், அவர்களால்தான் ரோல்ஸ்-ராய்ஸ் செய்ய முடிந்தது என்று அவர் பின்னாளில் நன்றியோடு சொன்னது தொழில் வட்டாரத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

1907 வாக்கில் அவர் ழாக் தூசே என்பவரின் ஆடையகத்துக்கு மாறினார். அங்கே தம் ஆடைகளை அணிந்து காட்டிய பெண்களை, இடுப்பை இறுக்கும் கோர்செட் இல்லாமலும் வெறுங்காலோடும் நடக்கச் செய்தார். பணக்கார வாடிக்கையாளர்களைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு பழகிய விற்பனைப் பெண்களுக்கு இது பிடிக்கவில்லை. அந்த ஆடைகளை எடுத்துக் காட்டவே அவர்கள் தயங்கினார்கள். பெண்களின் இடுப்பிலிருந்து கோர்செட்டை முதலில் கழற்றியவர் யார் என்று ஒரு பழைய வழக்கு உண்டு. அந்நாளின் இன்னொரு பாரிஸ் வடிவமைப்பாளரான போல் புவாரே தாம்தான் என்றார். வியோனே தாம்தான் என்றார். ஷனேலின் பெயரையும் சிலர் சேர்ப்பார்கள். இந்தப் போட்டியில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. கோர்செட்டை எடுத்துவிட்டால் ஆடை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்ற கேள்விக்கு யார் விடை கண்டார் என்பதே முக்கியம். புவாரே அதைத் தோளிலிருந்து தொங்கவிட்டார். வியோனே கண்ட விடை துணியின் நெசவுக்குள்ளேயே இருந்தது.

அந்த விடை முழுமையாக வெளிப்படச் சில ஆண்டுகள் ஆயின. 1912இல் ரிவோலி தெருவில் சொந்த ஆடையகத்தைத் திறந்தார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் மூடினார். போர்க்காலத்தில் சிறிது காலம் ரோம் நகரில் தங்கிப் பழங்காலச் சிற்பங்களைப் பார்த்தார். 1918இல் மீண்டும் திறந்தார். அவருடைய பெரும் படைப்புகள் இந்த இரண்டாவது தொடக்கத்துக்குப் பின் வந்தவை.

இப்போது நெசவைப் பற்றிச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஒரு துண்டுத் துணியைப் பாவு வாக்கிலோ ஊடை வாக்கிலோ பிடித்து இழுத்தால் அது அதிகம் விட்டுக்கொடுக்காது, ஏனெனில் நீங்கள் இழுப்பது நூலையே. அதே துணியை மூலைவாட்டமாக, அதாவது பாவுக்கும் ஊடைக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் பிடித்து இழுத்தால், அது நீளும். நீளும்போதே அகலத்தில் சுருங்கும். விட்டால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். நூல்கள் நீளவில்லை, அவை ஒன்றுக்கொன்று கொண்டிருந்த கோணம் மட்டுமே மாறுகிறது. நம் ஊர்த் தையற்கடைகளில் ஜாக்கெட்டுக்குக் கிராஸ் கட்டிங் போடச் சொல்லும்போது, உடலோடு நன்றாகப் படியவேண்டும் என்பதற்காக நாம் கேட்பதும் இந்தக் குணத்தைத்தான்.

இதை வியோனே முதன்முதலில் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது மிகை. கழுத்துப்பட்டி, ஓரப்பட்டி போன்ற சிறு பகுதிகளுக்கு மூலைவாட்டத்தில் வெட்டும் வழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. ஓரத்துக்கு மட்டும் உரிய உத்தியாக இருந்ததை அவர் முழு ஆடைக்கும் அடிப்படையாக்கினார். அப்படித் தைத்த ஆடை நிற்கும்போது உடலோடு படிகிறது. நடக்கும்போது விலகி, உடலோடு சேர்ந்தே அசைகிறது. கம்பியும் எலும்பும் வைத்து உடலை ஒரு வடிவத்துக்குள் அடக்கவேண்டிய தேவை அங்கே எழவில்லை. உடலின் வளைவுக்கு ஏற்பத் துணியை மடித்துத் தைக்கும் டார்ட்டுகள் குறைந்தன, மூட்டுத் தையல்கள் குறைந்தன. பல ஆடைகளில் கொக்கியோ பொத்தானோகூட இல்லை, தலைவழியே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

எளிமையாகத் தோன்றும் இந்த முறை செய்கிறவரைப் படாதபாடு படுத்தும். மூலைவாட்டத்தில் வெட்டிய துணி தன் எடையாலேயே கீழே இறங்கும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்காது. ஆகவே தைத்த ஆடையைத் தொங்கவிட்டு, இறங்க வேண்டிய மட்டும் இறங்கவிட்டு, அதன்பின்தான் கீழ் ஓரத்தைச் சமப்படுத்தி மடிக்க வேண்டும். துணியும் கூடுதலாகச் செலவாகும். வழக்கமான அகலத்தில் வரும் துணியில் பெரிய துண்டுகளை மூலைவாட்டமாக வெட்டினால் இடையில் ஒட்டுப் போடவேண்டி வரும். இதைத் தவிர்க்க வியோனே, லியோன் நகரத்துப் பட்டு மரபில் வந்த பியான்கினி-ஃபெரியே நிறுவனத்திடம், வழக்கத்தைவிட மிக அகலமாக, ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலத்தில் கிரேப் என்ற நுண்சுருக்கமுள்ள பட்டு நெய்து தரச் சொல்லி வாங்கினார். ஆடையின் வடிவத்தை யோசிக்கும்போதே தறியின் அகலத்தையும் யோசித்த ஒருவரை வடிவமைப்பாளர் என்பதோடு நிறுத்தாமல் பொறியாளர் என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து.

அவர் படம் வரைந்து வேலை செய்யவில்லை. சுமார் 80 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மரப்பொம்மையைச் சுழலும் பியானோ நாற்காலியில் நிறுத்தி, அதைத் திருப்பித் திருப்பி, சிறிய அளவில் துணியைப் போர்த்தி வெட்டி, ஆடையை நான்கு புறமும் ஒரே நேரத்தில் சிந்தித்தார். பொம்மையில் சரியாக அமைந்த வடிவத்தைப் பிறகு மனித அளவுக்குப் பெருக்கினார்கள். சிறுவயதில் கணக்கில் காட்டிய கெட்டிக்காரத்தனம் இங்கே வடிவங்களாக வெளிவந்தது: சதுரம், முக்கோணம், வட்டம், கால்வட்டம். சுமார் 1920ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய கைக்குட்டை ஆடை என்ற புகழ்பெற்ற படைப்பில், நான்கு சதுரக் கிரேப் துண்டுகள் முனைகளிலிருந்து தொங்கவிடப்பட்டு, கீழே கூரிய நுனிகளாக முடிகின்றன. மேசைமீது விரித்தால் அது நான்கு சதுரம். ஒரு பெண் அணிந்துகொண்டால், கிரேக்கச் சிலையின் மடிப்புகளை அந்தச் சதுரங்களே உண்டாக்கிவிடுகின்றன.

இத்தகைய துணியில் பூவேலை செய்வது தனிச் சிக்கல். அடர்த்தியாகத் தைத்த பூவேலை துணியை விறைப்பாக்கிவிடும். நீளவும் சுருங்கவும் வேண்டிய இடம் அட்டைபோல் நின்றுவிடும். ஆகவே வியோனேயின் ஆடைகளுக்கு, நெசவின் நூல்வாக்கை ஒட்டியே ஊசி போகும்படி பூவேலையை வகுத்தார்கள். இந்த வேலையில் அவருக்குத் துணைநின்றது பாரிசின் லெசாழ் பூவேலைக் கூடம். அதை நடத்திய ஆல்பேர் லெசாழின் மனைவி மரி-லுயிஸ், முன்பு வியோனேயிடமே பணியாற்றியவர். அவர்களுடைய மகன் ஃபிரான்சுவா லெசாழ் அந்தத் தொழிலை உலகப்புகழ் பெறச் செய்தார். பேரன் ழான்-ஃபிரான்சுவா லெசாழ் 1990களின் தொடக்கத்தில் நம் சென்னைக்கு வந்து, இங்குள்ள பூவேலைக் கைவினைஞர்களைக் கொண்டு தம் கூடத்தை அமைத்தார். அங்கே பெரும்பாலும் மாளிகைகளின் திரைச்சீலை, இருக்கைத் துணி போன்றவற்றுக்கே வேலை நடக்கிறது; ஆனால் வியோனேயின் ஆடைகளுக்கு ஊசி பிடித்த குடும்பத்தின் கைவழி சென்னை வரை வந்திருக்கிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1923இல் ஆடையகம் மோந்தேன் அவென்யூவின் 50ஆம் எண் மாளிகைக்கு இடம்பெயர்ந்தது. முகப்பில் கண்ணாடியும் ஓவியமுமாக ஆடம்பர விற்பனைக் கூடங்கள். பின்கட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்த தையற்கூடங்கள். பத்திரிகைகள் எழுதியது முன்கட்டைப் பற்றி. நான் சொல்ல விரும்புவது பின்கட்டைப் பற்றி. அந்நாளில் தையற்பெண்கள் சாய்மானம் இல்லாத முக்காலிகளில் நாள்முழுதும் குனிந்திருப்பது வழக்கம். வியோனே தம் கூடங்களில் சாய்மானம் வைத்த நாற்காலிகளைப் போட்டார். உணவகம், மருத்துவரும் பல் மருத்துவரும் பார்க்கும் மருந்தகம், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், பேறுகால உதவி, சம்பளத்தோடு விடுமுறை ஆகியவை அங்கே இருந்தன. பிரான்சில் எல்லாத் தொழிலாளருக்கும் சம்பள விடுமுறை சட்டமானது 1936இல்தான். பன்னிரண்டு வயதில் தையல் மேசைக்குத் தள்ளப்பட்டவர் முதலாளியானபோது முதுகுவலியை மறக்கவில்லை. அதே வேளையில், அந்த மேசைகளில் உருவான ஆடைகளின் விலை அவற்றைத் தைத்தவர்களின் கைக்கு எட்டாதது என்பதையும் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன்.

வியோனேயின் மூன்றாவது போராட்டம் நகலெடுப்போருடன் நடந்தது. பாரிசில் ஓர் ஆடை காட்சிக்கு வந்தால் சில நாள்களில் அதன் மலிவான பிரதி கடைகளில் தொங்கியது. அவர் வழக்குத் தொடுத்து வென்றார்; செய்தித்தாள்களில் எச்சரிக்கை விளம்பரம் கொடுத்தார்; வடிவமைப்பாளர்களின் உரிமையைக் காக்கும் சங்கம் உருவாவதில் பங்குகொண்டார். தம் ஆடைகளில் வைத்துத் தைத்த முத்திரைத் துணியில் கையொப்பத்தோடு தம் கட்டைவிரல் ரேகையையும் பதித்தார். ஒவ்வொரு மாதிரியையும் முன், பின், பக்கவாட்டு என்று மூன்று புறமும் காட்டும் புகைப்படங்களாக எடுத்து, எண்ணிட்டு, ஆல்பங்களில் ஒட்டிப் பதிவு செய்தார். ஓவியரையும் எழுத்தாளரையும் போலவே தையற்கலைஞருக்கும் தம் படைப்பின்மேல் உரிமை உண்டு என்பது அவர் வாதம்.

ஆனால் ஆடையைப் பதிவு செய்யலாம், வெட்டும் முறையைப் பூட்டி வைக்க முடியாதே! 1930களில் ஹாலிவுட் திரைப்படங்களில் நடிகைகள் அணிந்து வந்த, நீர் வழிவதுபோல் உடலில் வழியும் வெண்பட்டு ஆடைகள் அவர் முறையைப் பின்பற்றியவையே. கழுத்தில் கட்டி முதுகைத் திறந்துவிடும் ஹால்டர் நெக், மார்பில் மடிந்து தொங்கும் கவுல் நெக் ஆகியவை அவரால் பரவி, பிறகு யாருடையவை என்றே தெரியாத பொதுச்சொத்தாகிவிட்டன. அவர் பெயர் மங்கியதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர் இயல்பு: விருந்துகளையும் பேட்டிகளையும் விட்டு விலகியிருந்தார். ஷனேலைப் போலத் தம் வாழ்க்கையையே ஒரு விளம்பரக் கதையாக்கும் சாமர்த்தியமோ, பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்க்கும் ஒரு வாசனைத் திரவியமோ அவருக்கு வாய்க்கவில்லை.

1939இல், இரண்டாம் உலகப் போரின் வாசலில், அவர் ஆடையகத்தை மூடினார். ஷனேல் 1954இல் மீண்டும் தொழிலுக்குத் திரும்பினார். வியோனே திரும்பவே இல்லை. 1947இல் அதே மோந்தேன் அவென்யூவில், 30ஆம் எண் மாளிகையில், டியோர் தம் முதல் தொகுப்பை வெளியிட்டபோது, வியோனே நாற்பது ஆண்டுகளுக்கு முன் நீக்கிய இறுக்கமான இடுப்பு மீண்டும் வந்து உலகத்தை மயக்கிற்று. அதை அவர் உயிரோடிருந்து பார்த்தார். நாகரிகத்தின் வரலாறு நேர்கோட்டில் செல்வதில்லை என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1952இல் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆடைகளையும், நகலெடுப்போரிடமிருந்து காப்பதற்காக உருவாக்கிய 75 ஆல்பங்களையும் பிரெஞ்சு ஆடைக்கலைச் சங்கத்துக்குக் கொடையாக அளித்தார். 1975 மார்ச் 2 அன்று, 98ஆம் வயதில் பாரிசில் மறைந்தார். அந்தக் கொடை பின்னர் பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 2009இல் அங்கே அவருக்கென்று ஒரு பெருங்காட்சி நடந்தது. துனிசியாவில் பிறந்து பாரிசில் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் அஸ்ஸெதீன் அலாயா, வியோனேயின் ஆடைகளைத் தேடித் தேடிச் சேகரித்தவர். ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே அவரைத் தம் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றினார். வியோனே என்ற வணிகப்பெயர் பின்னர் பல கைகள் மாறிவிட்டது. டோக்கியோவின் புங்கா ஆடைக்கலைக் கல்லூரி அவருடைய ஆடைகளை அளந்து வெட்டுப்படங்களாக வெளியிட்டிருக்கிறது. விரும்பும் மாணவர் எவரும் அந்தப் படத்தைப் பெருக்கி, மலிவான பருத்தித் துணியில் மூலைவாட்டமாக வெட்டித் தைத்துப் பார்க்கலாம்.

வணக்கம்.