நீட்டிய கால்

அன்பு நேயர்களுக்குக் காலை வணக்கம்.

இன்று பெரிய வியாழன், புனித வெள்ளிக்கு முந்தின நாள். மாலையில் எங்கள் ஊர்க் கோயிலில் கால் கழுவும் ஆராதனை நடக்கும். பன்னிரண்டு பேரை முன்னால் வரிசையாக உட்கார வைத்து, குருவானவர் இடுப்பில் துண்டு கட்டி, முழங்காலிட்டு, ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுவார். சென்ற வாரம் எங்கள் ஐயர் என்னைக் கூப்பிட்டார். திருநெல்வேலிப் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். "சார், இந்த வருஷம் பன்னிரண்டு பேர்ல நீங்களும் ஒருத்தர்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கோயில் வேலை எதற்கும் முன்னால் நிற்பவன் நான். சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு விடிய விடிய வெங்காயம் உரித்திருக்கிறேன், இலை எடுத்திருக்கிறேன், அண்டா கழுவியிருக்கிறேன். ஆனால் இன்னொருவர் என் காலடியில் குனிந்திருக்க, நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்னவோ போல் இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்ததை உங்களிடம் சொல்கிறேன்.

இந்த ஆராதனைக்கு அடிப்படை யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரம். சிறு வயதிலிருந்து கேட்ட பகுதி. இயேசு போஜனத்தை விட்டெழுந்து, "ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு" சீஷர்களுடைய கால்களைக் கழுவினார் என்று எங்கள் பழைய வேதாகமத்தில் இருக்கிறது. துண்டு என்று இப்போது சொல்கிறோம். எனக்கு அந்தச் சீலை என்ற சொல்தான் பிடிக்கும். அடுப்படியில் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்குவது கண்ணுக்கு முன்னால் வரும்.

அந்தக் காலத்தில் விருந்தாளியின் புழுதிக் காலைக் கழுவுவது வேலைக்காரனுடைய வேலை. அதுவும் வீட்டிலேயே கடைநிலையில் இருப்பவனுடைய வேலை. அந்த மேல்வீட்டில் அன்று வேலைக்காரன் யாரும் இல்லை. சாப்பிட வந்த பன்னிரண்டு பேரில் ஒருவரும் அதற்காக எழுந்திருக்கவில்லை. தங்களில் யார் பெரியவன் என்று அந்தப் பந்தியிலேயே அவர்களுக்குள் வாக்குவாதம் வந்ததாக லூக்கா எழுதியிருக்கிறார். வாக்குவாதம் செய்கிறவன் எப்படிக் குனிவான்? குனிந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுமே.

சீலையை எடுத்ததற்கு முந்தின வசனத்தை நாம் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுகிறோம். பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார், தாம் தேவனிடமிருந்து வந்தவர், தேவனிடத்துக்கே போகிறவர் என்பதை இயேசு "அறிந்து" எழுந்தார் என்று யோவான் சொல்கிறார். முதலில் அறிந்தார், அப்புறம் எழுந்தார். தான் யாருடையவன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதனால் தரையில் உட்கார்ந்தபோது அவருக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. பணிவு ஒரு குணம், சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இந்த ஒரு சொல்தான் என்னை மாற்றியது. பணிவுக்கு வேர் விசுவாசம். என் மரியாதை தேவனிடம் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறவனால்தான் பயமில்லாமல் குனிய முடியும்.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊழியம். இன்று ஊழியம் என்றால் மேடையும் மைக்கும் சுவரொட்டியும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்பது எளிய மக்களிடம் கூலி கொடுக்காமல் அரசாங்கம் பிடுங்கிய வேலையின் பெயர். சுமை தூக்கவும் பாதை போடவும் அவர்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மனுஷகுமாரனாகிய இயேசு ஊழியங்கொள்ள வரவில்லை, ஊழியஞ்செய்ய வந்தார் என்று தமிழில் வாசிக்கும்போது, அந்தச் சுமையும் அந்த முதுகும் நமக்குத் தெரிய வேண்டும். இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

சரி, எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். களக்காட்டுக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் டோனாவூர் இருக்கிறது. 1820களில் ரேனியஸ் ஐயர் என்ற ஜெர்மானிய மிஷனரியின் காலத்தில், டோனா என்ற பிரஷ்யப் பிரபு கொடுத்த பணத்தில் அங்கே ஆலயம் எழுந்ததால் ஊருக்கு அந்தப் பெயர். அங்கே வாழ்ந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1951இல் டோனாவூரில் கண்மூடும்வரை ஒருமுறைகூட சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை.

அவர் இளம்பெண்ணாக இருந்தபோது நடந்தது இது. பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தம்பிமாரோடு வீட்டுக்கு வருகிறார். கந்தல் உடுத்திய ஒரு கிழவி பெரிய மூட்டையைச் சுமக்க முடியாமல் சுமந்து போகிறாள். மூவரும் மூட்டையை வாங்கிக்கொண்டு அவளைக் கைத்தாங்கலாக நடத்திப் போனார்கள். எதிரே கோயிலிலிருந்து வரும் கௌரவமான மனிதர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். தங்களுக்கு அது எவ்வளவு வெட்கமாக இருந்தது என்பதை அவரே பிற்பாடு ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த வெட்கத்தை எழுதி வைத்ததற்காக நான் அவருக்கு நன்றி சொல்கிறேன். பெரியவர்கள் பிறக்கும்போதே பணிவோடு பிறந்தார்கள் என்று எண்ணி நாம் ஒதுங்கிக்கொள்ள இப்போது இடமில்லை.

நெல்லைச் சீமையில் தமிழ் படித்து, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய் சுவிசேஷம் சொல்லிவந்தார். 1901 மார்ச் மாதம், பண்ணைவிளையில் இருந்தபோது, இந்துக் கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அந்த வழக்கத்தைச் சென்னை மாகாணம் சட்டம் போட்டு ஒழித்தது 1947இல்தான். அந்தச் சிறுமிக்குப் பிறகு ஒவ்வொருவராகப் பிள்ளைகள் வந்தார்கள். கைக்குழந்தைகளும் வந்தன. 1913க்குள் 130 பிள்ளைகள். குழந்தைகளை விட்டுவிட்டு வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியுமா? பிரசங்கம் செய்ய வந்தவர் பால் புகட்டவும், துணி அலசவும், சின்னச் சின்னக் கால்களில் நகம் வெட்டவும் உட்கார்ந்துவிட்டார். பெரிய வேலையை விட்டுவிட்டு ஆயா வேலைக்கு இறங்குவது சரிதானா என்ற கேள்வி அவருக்கும் வந்தது. பதிலை அவர் இதே 13ஆம் அதிகாரத்தில்தான் கண்டார். ஆண்டவரே சீலை எடுத்துக் கட்டியிருக்கும்போது, எந்த வேலை பெரிது, எந்த வேலை சிறிது என்று தரம் பிரிக்க வேலைக்காரிக்கு என்ன உரிமை?

அவரோடு இருந்த பொன்னம்மாளைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். நெய்யூர் மருத்துவமனைக்குப் பக்கத்தில் கைக்குழந்தைகளுக்காக ஒரு வீடு எடுத்தபோது அதை நடத்தியவர் அவர். அடுத்தவர் பிள்ளைக்குக் கால் கழுவி விடுவதும், மலத்துணி அலசுவதும் கீழான வேலை என்று கூட இருந்தவர்களே தயங்கினார்கள். பொன்னம்மாள் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. அந்த வேலையைத் தானே எடுத்துச் செய்தார். அங்கே வயிற்றுக்கடுப்பு பரவிப் பல குழந்தைகள் இறந்தன. இறந்தவர்களை அடக்கம் செய்துவிட்டு, இருக்கிற குழந்தைகளுக்குப் பால் காய்ச்சினார்கள். விசுவாசம் என்றால் நினைத்ததெல்லாம் நடக்கும் என்று சொல்கிறவர்கள் நெய்யூரில் நடந்ததை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1931 அக்டோபர் 24. தம்மை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி அன்று காலையில்தான் அம்மையார் ஜெபித்திருந்தார். மாலையில் களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், கழிப்பறைக்காகத் தவறான இடத்தில் தோண்டியிருந்த குழியில் இருட்டில் விழுந்தார். கால் முறிந்தது. அப்போது வயது 63. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்தான், கட்டிலில்தான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கழுவித் துடைத்தவரை இப்போது மற்றவர்கள் கழுவித் துடைத்தார்கள். அவர் சீலை கட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். காலை நீட்டிக்கொண்டு கிடந்த இருபது வருடத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இப்போது அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அவருடைய கல்லறையில் தலைக்கல் கிடையாது. பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் ஒரு கல்தொட்டியும், பிள்ளைகள் அவரை அழைத்த தாய்ப்பெயரும் மட்டும்தான்.

இனி என் அம்மாவைப் பற்றி.

எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். பிடி அரிசிக் கலயம். சபையில் நிறைய வீடுகளில் இருந்தது. உலையில் போட அரிசியை அளந்ததும், அளந்ததிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். கோயிலுக்கு உள்ள பங்கு அது. அப்பா சின்னப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரு மழைக்காலத்தில் அப்பாவுக்குச் சம்பளம் வரவில்லை. பானையை அம்மா சாய்த்து உழக்கால் வழித்தெடுக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முக்கால் உழக்குதான் தேறியது. அதிலிருந்தும் ஒரு பிடி எடுத்தாள். எனக்கு எட்டு வயது, பசி. "அம்மா, நாளைக்கு?" என்றேன். "நாளைக்கு உள்ளது நாளைக்கு வரும்யா" என்றாள்.

மறுநாள் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் அரைப்படி கடன் வாங்கினாள். கடன் வாங்கின அரிசியிலும் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் உலை வைத்தாள்.

அவளுக்கு 84 வயதானபோது நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சபையில் கமிட்டி உறுப்பினர். ஒருநாள் செருப்பை மாட்டும்போது முனகினாள். பார்த்தால் கால் நகங்கள் தடித்து, வளைந்து, பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கியிருந்தது. குனிந்து வெட்டிக்கொள்ள அவளால் முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பேசினில் வெந்நீர் விட்டுக் கல்லுப்புப் போட்டு அவள் காலை வைக்கச் சொன்னேன். தரையில் உட்காருவதற்கு முன்னால் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினேன். தெருவில் போகிறவர் யாராவது பார்த்துவிட்டால்? பெல்ஃபாஸ்ட் தெருவில் அந்தப் பெண்ணுக்கு வந்த அதே வெட்கம். கதவைச் சாத்திய கையைப் பார்த்து நின்றேன். இத்தனை வருடம் நான் செய்த கோயில் வேலை எல்லாம் நாலு பேர் பார்க்கிற வேலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அம்மா வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். "ஏன்யா, நீ போய் இதைச் செய்யலாமா? வேண்டாம்யா, விடு." அன்று சீஷனாகிய பேதுரு இயேசுவிடம் சொன்னதும் இதுதானே. நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்றார். அவருக்கு ஆண்டவர் மேல் அவ்வளவு மரியாதை. ஆனால் தன் அழுக்குக் காலை இன்னொருவர் கையில் ஒப்புக்கொடுக்க அந்த மரியாதை அவரை விடவில்லை.

நான் பதில் பேசவில்லை. காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மெல்லத் தண்ணீருக்குள் வந்தது. அரைமணி நேரம் ஊறியபிறகும் நகவெட்டி கடிக்கவில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். இடது காலில் இரண்டாவது விரல் கோணலாக இருந்தது. "இது எப்பம்மா இப்படி ஆச்சு?" என்று கேட்டேன். "நீ வயித்துல இருக்கையில தண்ணிக்குப் போனேன். குடத்தோட கல்லுல இடிச்சுக்கிட்டேன். அப்பவே கோணிப்போச்சு" என்றாள். அறுபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அந்தக் காலை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த மாதம் வெந்நீர் பேசினைக் கொண்டுவந்து வைத்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஒதுக்கிக்கொண்டு, காலை நீட்டினாள்.

இன்று மாலை ஆறரை மணிக்கு ஆராதனை. வருகிறேன் என்று நேற்று இரவு ஐயருக்குச் சொல்லிவிட்டேன்.

வணக்கம்.