வெறி இல்லாத இனவெறி

அவையோருக்கு வணக்கம்.

'இனவெறி' என்ற சொல்லிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'வெறி' என்று காதில் விழுந்ததும் கண் சிவந்து கத்தும் ஓர் ஆளைத்தான் மனம் தேடுகிறது. அப்படி யாரும் அகப்படாவிட்டால், "இங்கே அதெல்லாம் கிடையாது" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். 'இனம்' என்ற முன்பாதியும் லேசுப்பட்டதில்லை. மனித இனம், பெண்ணினம், தமிழினம், மாட்டினம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். உயிரியல் வகையும் மொழிவழி மக்களும் தோற்றத்தை வைத்துப் பிரித்த பிரிவும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. இன்று பேச்சு இந்த மூன்றாவதைப் பற்றி. அதிலும், யாருக்கும் வெறி பிடிக்காமல், படிவத்திலும் சூத்திரத்திலும் அமைதியாக நடப்பதைப் பற்றி.

மனிதரைத் தோல் நிறத்தையும் கண்டத்தையும் வைத்து நான்காகப் பிரித்தார் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ், ஆண்டு 1735. பிற்பாடு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குணத்தையும் ஒட்டவைத்தார். ஜெர்மன் மருத்துவர் புளூமென்பாக் அதை ஐந்தாக்கினார். 'காகேசியர்' என்ற பெயரை 1795இல் நிலைநிறுத்தியவர் அவர்தான். ஜார்ஜியா நாட்டுப் பெண்ணின் மண்டையோடு ஒன்று அவர் கண்ணுக்கு மிக அழகாகப் பட்டது. அந்தப் பெயருக்கு இருந்த ஆதாரத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சாமுவேல் மார்ட்டன் என்ற மருத்துவர் மண்டையோடுகளில் முதலில் விதைகளையும் பிறகு ஈயக் குண்டுகளையும் நிரப்பிக் கொள்ளளவு பார்த்தார். அவர் அளவில் கோளாறு என்று பல காலம் சொல்லப்பட்டது. 2011இல் சுமார் 300 மண்டையோடுகளை மறுபடி அளந்தபோது அவருடைய எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. எனக்கு இதுதான் பெரிய பாடமாகப் படுகிறது. அளவு சரி, எடுத்த கேள்வி கோணல். ஆள் பெரிதானால் மண்டையும் பெரிது, ஆணா பெண்ணா என்பதாலும் அளவு மாறும். அதையெல்லாம் கழிக்காமல் சராசரியை எடுத்து ஏணிப்படி கட்டினார். ஓரவஞ்சனை தராசில் இருக்க வேண்டியதில்லை, தட்டில் எதை எதோடு வைக்கிறோம் என்பதிலும் இருக்கலாம்.

அறிவியல் சொன்னதை நீதிமன்றம் எப்படிக் கையாண்டது என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமை பெற 'வெள்ளையர்' ஆக இருக்க வேண்டும், அல்லது ஆப்பிரிக்க வம்சாவளியாக இருக்க வேண்டும். ஜப்பானில் பிறந்த தாகாவோ ஓசாவா விண்ணப்பித்தார். 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தோல் வெளுப்பு கணக்கில் வராது, வெள்ளையர் என்றால் காகேசிய இனத்தவர், நீங்கள் அதில் இல்லை. மூன்றே மாதத்தில் பகத் சிங் திந்த் வழக்கு வந்தது. பஞ்சாபில் பிறந்தவர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். "இனநூல்களே என்னைக் காகேசியர் என்கின்றனவே" என்றார். 1923 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், அதே நீதிபதி சதர்லேண்டின் கையால் எழுதியது: நூல் சொல்வது இருக்கட்டும், சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று புரிந்துகொள்கிறானோ அவரே வெள்ளையர். முதல் ஆளைத் தள்ள விஞ்ஞானம் உதவியது, இரண்டாம் ஆளைத் தள்ள விஞ்ஞானமே தள்ளப்பட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

ஒன்றை நாம் விழுங்கிவிடக் கூடாது. திந்த் தன்னை 'உயர்சாதி இந்து' என்று சொல்லித்தான் வாதாடினார். கலப்பில்லாத ரத்தம் என்ற அந்த வாதம் இங்கிருந்து கப்பலேறிப் போனது. அடிபடுகிறவரின் கையிலும் ஒரு கோல் இருந்தது.

அதே நாட்டின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இந்து' என்பது ஒரு இனம். இந்தியாவிலிருந்து போனவர் எந்த மதமானாலும் அந்தக் கட்டத்தில்தான் குறி. 1970இல் அவர்களை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். 1980இல் 'ஆசிய இந்தியர்'. ஐம்பது ஆண்டில் யார் உடம்பிலும் எதுவும் மாறவில்லை.

மரபணுவில் என்ன இருக்கிறது என்றால், 1972இல் மரபியலாளர் லெவோன்டின் போட்ட கணக்கே போதும். மனிதரிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. 'இனம்' என்று பிரித்தவற்றுக்கு இடையே 6 சதவீதம் சொச்சம். ஆனால் "இனம் என்பதே இல்லை" என்று இதோடு கைகழுவுவது சோம்பேறித்தனம். இல்லாத ஒன்று ஆளை எப்படிக் கொல்கிறது என்பதல்லவா கேள்வி?

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற தசைக் கழிவு எவ்வளவு என்று பார்த்து, வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரகம் வடிகட்டும் திறனை மதிப்பிடுவார்கள். ஆய்வக அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்று வருமே, அதுதான். 2009இல் வந்த சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்க வேண்டும். அவர்களுக்குத் தசை அதிகம், அதனால் கிரியாட்டினினும் அதிகம் என்பது விளக்கம். யாருடைய தசையையும் அளந்து பெருக்கவில்லை, படிவத்தில் இருந்த குறியைப் பார்த்துப் பெருக்கினார்கள்.

ஒரே வயது, ஒரே பாலினம், ஒரே கிரியாட்டினின் உள்ள இருவரை வைத்துப் பாருங்கள். சூத்திரம் தரும் அடிப்படை எண் 18. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஓடத் தொடங்கும். வெள்ளையருக்கு 18, இன்றே தொடங்குகிறது. கறுப்பருக்கு 18 பெருக்கல் 1.159, ஏறத்தாழ 20.9, இன்னும் நாள் இருக்கிறது, போய் வாருங்கள். தாய் கறுப்பர், தந்தை வெள்ளையர் என்றால் எந்த எண்? சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. கட்டத்தில் யார் குறி போட்டாரோ அவரே தீர்மானித்தார்.

இந்தச் சூத்திரத்தை எழுதியவர்கள் யாரையும் வெறுத்ததாகத் தெரியவில்லை. துல்லியம் கூடட்டும் என்றுதான் சேர்த்தார்கள். 2021இல் அந்தப் பெருக்கெண் நீக்கப்பட்டது. 2023 முதல், பழைய கணக்கால் தாமதமான நாட்களைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 14,000க்கும் மேற்பட்டவர்களின் காத்திருப்புக் காலம் சராசரியாக இரண்டு ஆண்டு கூட்டி எழுதப்பட்டது. அதற்குள் இறந்தவர்களுக்குக் கூட்டி எழுத ஒன்றுமில்லை.

ஆகவே ஆய்வு எழுதும் மாணவர்களுக்கு: அட்டவணையில் 'இனம்' என்று ஒரு பத்தி போட்டால், அதை நிரப்பியது யார் என்று எழுதுங்கள். ஆள் தானே சொன்னதா, எழுத்தர் முகத்தைப் பார்த்துக் குறித்ததா? எத்தனை பிரிவு கொடுத்தீர்கள், ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்க வழி இருந்ததா? அப்புறம், அந்தப் பத்தி எதற்குப் பதிலாக நிற்கிறது? வருமானத்துக்கா, குடியிருக்கும் பகுதிக்கா, மருத்துவர் நடத்திய விதத்துக்கா? முடிந்தால் அதையே நேராக அளந்துவிடுங்கள். "இனம் காரணமாக நோய் கூடுகிறது" என்று எழுதினால் பழி உடம்பின் மேல் விழுகிறது. "பாகுபாடு காரணமாக" என்று எழுதினால் எங்கே, எவ்வழியில் என்று காட்டும் கடமை உங்கள் மேல் விழுகிறது. முதல் வாக்கியம் எழுத எளிது என்பதால்தான் அது பெருகிக் கிடக்கிறது.

வேலைக்கு ஆள் எடுப்பதிலும் இதே கதை. பாஸ்டனிலும் சிகாகோவிலும் 1,300க்கு மேற்பட்ட விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 பொய் விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. பெயர் குலுக்கல் முறையில் ஒட்டப்பட்டது. வெள்ளையர் பெயராகப் படும் எமிலி, கிரெக் போன்றவற்றுக்கு 9.65 சதவீதம் அழைப்பு. கறுப்பர் பெயராகப் படும் லக்கீஷா, ஜமால் போன்றவற்றுக்கு 6.45. ஒருவர் பத்து விண்ணப்பம் போட்டால் ஓர் அழைப்பு, இன்னொருவர் பதினைந்து போட வேண்டும். தகுதியை உயர்த்திக் காட்டியபோதும் அந்த உயர்வு இரண்டாம் பெயர்க்காரருக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

"பெயரை மறைத்துவிடலாமே" என்பார்கள். மறைக்கலாம். ஆனால் பள்ளியும் முகவரியும் காட்டிக்கொடுக்கும், நேர்காணலில் முகமே வந்துவிடும். விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே எதற்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வைப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே வரிசையில் கேட்பதும், ஒருவரோடு ஒருவர் கலந்து பேசுமுன் தனித்தனியே மதிப்பெண் போடுவதும் இதைவிடப் பயன் தரும். "நம்ம குழுவுக்கு ஒத்துவர மாட்டார்" என்று யாராவது சொன்னால், எந்த வேலையில் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

அன்றாடப் பேச்சுக்கு வருவோம். "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்பதில் குற்றமில்லை. பதில் வந்த பிறகு, "அதில்லை, உண்மையில் எந்த ஊர்?" என்று கேட்கிறோமே, அங்கேதான் ஆளை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம். மட்டமான நகைச்சுவை ஒன்று விழுந்தால் சண்டைக்குப் போக வேண்டாம், "புரியவில்லையே, விளக்குங்கள்" என்றால் போதும். விளக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

அலுவலகத்தில் முறையிடுவதானால் அன்றைக்கே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், அருகில் இருந்தவர்கள், சொன்ன சொற்கள் அப்படியே. "இனவெறியோடு பேசினார்" என்று எழுதினால் விசாரிப்பவர் சொன்னவரின் மனத்துக்குள் வெறியைத் தேடப் போவார், கிடைக்கவில்லை என்று திரும்புவார். சொன்ன வாக்கியத்தை எழுதுங்கள். அதற்குப் பிறகு உங்களுக்கு மட்டும் எந்த வேலை தரப்படவில்லை, எந்தக் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை என்பதைத் தேதியோடு அதன் கீழே எழுதுங்கள்.