க்ளூனி மடத்துக் கல்லும் நம் தெருத் திண்ணையும்

அவைத் தலைவர் அவர்களே, மாடியைத் திறந்துவிட்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எண்பத்திரண்டு வயதில் படியேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே (அதற்கே ஒரு கைதட்டல்), அழைப்பிதழில் பெயர் விட்டுப்போயும் கோபித்துக்கொள்ளாமல் வந்திருக்கும் முன்னாள் நகராட்சி உறுப்பினர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் நண்பர்களே, வணக்கம்.

புதுச்சேரியில் க்ளூனி என்றால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பூவேலை. அது ஓர் ஊரின் பெயர். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் சுமார் 5,000 பேர் வாழும் சின்ன ஊர். அன்னை ஆன்-மரி ஷவுவே 1807இல் தொடங்கிய கன்னியர் சபை, 1812இல் அங்கே ரெகொலே துறவிகள் விட்டுப்போன பழைய மடத்தில் குடிபுகுந்தது. ஊர்ப் பெயர் சபைக்கு ஒட்டிக்கொண்டது. 1827இல் சகோதரிகளோடு கப்பலேறி இங்கே வந்து இறங்கிவிட்டது.

நான் பேச வந்தது அதே ஊரின் பெரிய மடம். மூன்று விஷயம் சொல்வேன்: அது எழுந்த கதை, மௌனம் காத்த துறவிகள் கைச்சைகையாலேயே பேசிக்கொண்ட விதம், விழுந்த கதை. நடுவில் என் பாட்டி சொல்லும் பழமொழியும் வரும்: குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை. என்னோடு பேசியவர் யாரும் இதற்குத் தப்பியதில்லை.

910ஆம் ஆண்டு. அக்கித்தேன் கோமகன் கியோம், மடம் கட்ட இடம் தருகிறேன், எது வேண்டும் என்று பெர்னோ என்ற துறவியைக் கேட்கிறார். பெர்னோ சுற்றிப் பார்த்துவிட்டு, “க்ளூனி” என்கிறார். கோமகனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அது அவருடைய வேட்டைக்காடு! “சாமி, அது மட்டும் வேண்டாம். என் வேட்டைநாய்கள் எங்கே போகும்?” பெர்னோ அசரவில்லை. “நாயை அனுப்பிவிட்டுத் துறவிகளை வையுங்கள். மேலே போய்க் கணக்குக் கொடுக்கும்போது உங்களுக்காகக் குரைப்பது உதவுமா, ஜெபிப்பது உதவுமா?” நாய்கள் காலி செய்தன. நடந்ததோ இல்லையோ, அங்கே சொல்லிவரும் கதை இது. நம் ஊரில் ஒரு சாமியார் இப்படி மனைக்கட்டு கேட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆசீர்வாதப்பர், அதாவது புனித பெனடிக்ட், வகுத்த துறவற ஒழுங்கில் நடந்த அந்த மடம், 1088இல் தன் மூன்றாவது கோயிலைத் தொடங்கியது. முன்பு அங்கேயே துறவியாக இருந்த பாப்பரசர் இரண்டாம் உர்பான் 1095இல் நேரில் வந்து பீடத்தை அர்ச்சித்தார். முடிந்தபோது நீளம் 187 மீட்டர். ரோமில் இப்போதுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய கோயில் இல்லை.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1790இல் துறவிகள் கலைக்கப்பட்டார்கள். 1798இல் கோயிலை வியாபாரிகளுக்கு விற்றார்கள், கல்லுக்காக. நடுவே தெரு போட்டார்கள், வெடிமருந்து வைத்தார்கள். குயவனுக்கு ஆறு மாதம்... ஆனால் இங்கே என் பாட்டியே தோற்றுப்போவார். இடிப்பு 1823 வரை இழுத்தது. தடிகாரனுக்கே இருபத்தைந்து வருஷம்! அவ்வளவு கெட்டியான கட்டுமானம். இன்று மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தென்புற இறக்கையும், தீர்த்தமணிக் கோபுரமும்தான் சொல்லிக்கொள்ளும்படி நிற்கின்றன. நெப்போலியன் காலத்தில் அங்கே அரசாங்கக் குதிரைப் பண்ணை வந்தது. லாயத்துக்குக் கல் எங்கிருந்து? கோயிலிலிருந்துதான். நாயை அனுப்பிவிட்டு வந்தவர்கள் கடைசியில் குதிரைக்கு இடம் விட்டார்கள்.

1928 முதல் கானன்ட் என்ற அமெரிக்கர் அங்கே தோண்டித் தோண்டி, இல்லாத கோயிலைக் காகிதத்தில் எழுப்பினார். காகிதத்தில்! சரி, நம் கதைக்கு வருவோம். 2014 நவம்பர் மழையில் நம் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினோம், சந்தோஷம். வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதியில் வீட்டு முகப்புகளைச் சீர்செய்தார்கள், அதுவும் சந்தோஷம். அடுத்தடுத்த தெருக்களில்? தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூணும் உள்ள வீடுகள் கண்ணெதிரே போகின்றன. எங்கள் தெருவில் ஒரு வீடு வெள்ளிக்கிழமை இருந்தது, திங்கட்கிழமை இல்லை. தேக்குத் தூண் தனியாக விலை போனது. அரை நாழிகை!

சொந்தக்காரரைத் திட்டிப் பயனில்லை. ஓடு மாற்றக் காசு வேண்டாமா? வீடுவீடாகக் கணக்கெடுப்பு, பழுதுபார்க்க மானியம், வீட்டுவரியில் தள்ளுபடி: மூன்றே கோரிக்கை.

கைச்சைகை விஷயம் விட்டுப்போனது தெரியும். தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டிச் செய்வதும் கைச்சைகைதான், எனக்குப் புரிகிறது. மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது. பேனா ஒன்றுதான், கட்டிப்போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட பிறகு சுண்டல்.