ட்ரம் இல்லாத ராப்பை எப்படிக் கேட்பது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மாதந்தோறும் புதிய ராப் ஆல்பங்களைப் பற்றி நான் பேசும் காணொளிகளுக்கு வரும் கேள்விகளில், இந்த மாதம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வார்த்தைகள் வேறாக இருந்தாலும் பலர் கேட்டிருப்பது இதைத்தான். நேயர் ஒருவர் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்: "அண்ணா, சில மாதங்களாக நீங்கள் பாராட்டிவரும் ஆல்பங்களில் பாதிக்குமேல் ட்ரம் சத்தமே இல்லை. ஒரு பழைய பாட்டின் துண்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது, அதன்மேல் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோலப் பேசிக்கொண்டே போகிறார். ட்ரம் இல்லாமல் ராப் எப்படி ராப் ஆகும்? உங்களுக்கு உண்மையிலேயே பிடித்துத்தான் சொல்கிறீர்களா, அல்லது யாருக்கும் புரியாததைப் புகழ்ந்தால் மதிப்பு என்று சொல்கிறீர்களா?"

பிடித்துத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள முடியாத அளவுக்கு உங்கள் கேள்வியில் சரக்கு இருக்கிறது. ராப்பின் தாய்வீடான ஹிப் ஹாப் பிறந்ததே ட்ரம்மிலிருந்துதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், தன் சகோதரி சிண்டி கேம்பல் ஏற்பாடு செய்த கொண்டாட்டத்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை ஓட்டினார். ஹிப் ஹாப்பின் பிறந்த நாளாக உலகம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். ஃபங்க் பாடல்களில் குரலும் கிட்டாரும் மற்றக் கருவிகளும் ஒதுங்கிக்கொள்ள, ட்ரம் மட்டும் சில விநாடிகள் தனியாக ஒலிக்கும் ஓர் இடம் வரும். ஆடுபவர்கள் அந்த இடத்துக்காகவே காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்த ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடிந்ததும் மற்றதில் அதையே தொடங்கி, சில விநாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். 'பிரேக்' என்று சொல்லப்படும் அந்தப் பகுதியின்மேல்தான் பிறகு எம்சிகள் எனப்படும் ராப் பாடகர்கள் பேசத் தொடங்கினார்கள். ஆகவே, ட்ரம்மை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிட்டுத் தொடங்கிய இசை இது. அரை நூற்றாண்டு கழித்துச் சிலர் மற்றதை வைத்துக்கொண்டு ட்ரம்மைக் கழிக்கிறார்கள் என்றால், பழைய ரசிகருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் ட்ரம் அவ்வளவு ஆண்டுகள் நடுநாயகமாக இருந்ததற்கு ரசனை மட்டும் காரணமல்ல, கருவியும் ஒரு காரணம். 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்பிளரில், அதாவது ஒலித் துண்டுகளைப் பதிந்து திரும்ப வாசிக்கும் கருவியில், ஏராளமான புகழ்பெற்ற ராப் பாடல்கள் உருவாகியிருக்கின்றன. அதில் மொத்தமாகவே சுமார் 10 விநாடி ஒலியைத்தான் பதிய முடியும். ஒரு துண்டு அதிகபட்சம் 2.5 விநாடி. நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் ஓடும் பாட்டில், நான்கு தட்டுகள் கொண்ட ஒரு பார் ஏறத்தாழ 2.67 விநாடி பிடிக்கும். அதாவது, ஒரே ஒரு பாரைக்கூட வெட்டாமல் உள்ளே போட முடியாது. நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்துகொண்டு, கருவிக்குள் வேகத்தைக் குறைத்து இடத்தை மிச்சம் பிடிப்பது அந்தக் காலத்துப் புரொடியூசர்களுக்கு, அதாவது பாட்டின் பின்னணி இசையை உருவாக்குபவர்களுக்கு, கைவந்த கலை. ஒரு கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), ஒரு ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய ட்ரம்) என்றால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஒரு விநாடிக்குள் அடங்கிவிடும், போதாததற்கு அந்தக் கருவியின் 12-பிட் பதிவில் வரும் கரகரப்பு ட்ரம்முக்குத் தனி மிடுக்கையும் கொடுத்தது. கணினி வந்து இந்தத் தடை நீங்கிய பிறகு, ஒரு சோல் பாடலின் எட்டு பாரை முழுதாக எடுத்து, அதன் மூச்சு, கீறல் சத்தம் எல்லாவற்றோடும் ஓடவிடலாம் என்ற நிலை வந்தது. அப்படி ஓடவிட்டுக் கேட்டபோது, இதன்மேல் ட்ரம் எதற்கு என்ற எண்ணம் சிலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்த எண்ணத்தை ஒரு பாணியாகவே ஆக்கியவர் என்று பெரும்பாலோர் கைகாட்டுவது, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டைச் சேர்ந்த ராக் மார்சியானோவை. 2010-இல் அவரே இசையமைத்துப் பாடி வெளியிட்ட 'மார்க்பெர்க்' ஆல்பத்தில் ட்ரம் இருக்கிறது. ஆனால் அடுத்து வந்தவற்றில் பல பாடல்களில் அது தேய்ந்து, சிலவற்றில் காணாமலே போனது. 'மார்க்பெர்க்'கில் ஒரு பாடலில் உடன் பாடிய புரூக்ளின் கலைஞர் கா, இந்த வழியில் இன்னும் தொலைவு போனார். பிறகு பஃபலோ நகரத்தின் வெஸ்ட்சைட் கன் தொடங்கிய கிரிசெல்டா குழு, புரொடியூசர் தி ஆல்கெமிஸ்ட் என்று இது பரவியது. 2020-இல் ராப் பாடகர் ஃபிரெடி கிப்ஸும் ஆல்கெமிஸ்டும் சேர்ந்து செய்த 'ஆல்ஃபிரெடோ' சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதுப் பரிந்துரைப் பட்டியல்வரை போனது. ஆகவே, யாருக்கும் புரியாத ஒரு மூலையில் நடக்கும் காரியம் என்று இதைச் சொல்லிவிட முடியாது.

சரி, இப்போது இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். காவின் பாடல் ஏதாவது ஒன்றை ஓடவிட்டு, மேசையில் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டிக்கொண்டே கேளுங்கள். வழக்கமான ராப்பில் இரண்டாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் ஸ்னேர் விழும். அது இருக்கும்வரை, பாடுபவர் சற்று முந்தினாலும் பிந்தினாலும் நமக்கு இடம் தவறாது. காலக்கணக்கை ஸ்னேர் பார்த்துக்கொள்ளும். அதை எடுத்துவிட்டால் கணக்கு முழுவதும் பாடுபவர் தலையில் விழுகிறது. இப்போது அவர் வாயில் அந்த இரண்டாவது, நான்காவது தட்டுகளில் என்ன வந்து விழுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் ப், ட், க் போன்ற வல்லோசையில் தொடங்கும் அல்லது முடியும் ஓர் அசை அங்கே அழுத்தம் வாங்கும். வரியின் கடைசியில் இயைபு நான்காவது தட்டில் வந்து அமரும். அதற்குள்ளேயே இரண்டாவது தட்டில் அதே ஓசை ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போயிருக்கும். மூச்சு வாங்கும் இடம்கூடக் கணக்கில் சேரும்: கால் தட்டு அளவுக்கு ஒரு மௌனம், உடனே அடுத்த வரி. ஸ்னேர் செய்துவந்த வேலையை மெய்யெழுத்துகளும், ஹை-ஹேட் என்ற ஜோடிச் சிம்பல் செய்துவந்த வேலையை இடையில் ஓடும் சிற்றசைகளும் ஏற்றுக்கொள்கின்றன. 'பேசிக்கொண்டே போகிறார்' என்று உங்களுக்குத் தோன்றுவது, அந்த வேலை மேலே தெரியாதபடி நடப்பதால்தான்.

இதை விருத்தம் பாடுவதோடு ஒப்பிட்டு வேறொரு நேயர் எழுதியிருந்தார். தாளக்கருவி நிற்கிறது என்ற வரையில் அது பொருத்தம். ஆனால் விருத்தத்தில் பாடுபவர் ஒரு சொல்லை விருப்பம்போல் நீட்டி நின்று நிதானித்துப் போகலாம். இங்கே லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் அந்த இசைத்துண்டு, நிற்காமல் சுழல்கிறது, அது தொடங்கிய இடத்துக்குத் திரும்பும்போது பாடுபவரும் அங்கே இருந்தாக வேண்டும். காலம் சற்றும் தளராமல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை அடித்துக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று, ட்ரம் இல்லை என்று நாம் சொல்லும் பல பாடல்களில் அது அடியோடு இல்லாமல் போவதில்லை. எடுத்தாண்ட பழைய பாடலிலேயே மெல்லிய சிம்பல் ஓசையோ, பாஸ் கிட்டாரின் அழுத்தமோ இருக்கும். புதிதாக ஒன்றை மேலே ஏற்றாமல் விட்டிருப்பார்கள். நல்ல இயர்போனில் கேட்டால் அது பிடிபடும்.

இதற்கு நேர் எதிர் முனையில் ஒரு பாடலைச் சொல்கிறேன். 2002-இல் கிளிப்ஸ் குழுவுக்காக நெப்டியூன்ஸ் இசையமைத்த 'கிரைண்டின்'. அதில் ஏறக்குறைய ட்ரம்மைத் தவிர வேறெதுவும் இல்லை. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் கையால் தட்டியே அந்தப் பாட்டை வாசித்தார்கள். ட்ரம் மட்டுமே உள்ள அந்தப் பாட்டும், ட்ரம்மே இல்லாத காவின் பாட்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. இரண்டிலும் பின்னணியைக் குறைத்துவிட்டுக் குரலை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். வரி பலவீனமாக இருந்தால் ஒளிந்துகொள்ள இரண்டிலும் இடம் இல்லை. அதே கிளிப்ஸ், பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025 ஜூலையில் நெப்டியூன்ஸ் இருவரில் ஒருவரான ஃபாரல் இசையில் புதிய ஆல்பம் கொண்டுவந்தபோது, அதன் ட்ரம்மைப் பற்றியே பாதி நேரம் பேசினேன்; 2024 நவம்பரில் முன்னறிவிப்பின்றி வந்த கென்ட்ரிக் லமாரின் 'ஜிஎன்எக்ஸ்' ஆல்பத்துக்கும் அப்படித்தான். புரியாததைப் புகழ்கிறேனா என்ற உங்கள் சந்தேகத்துக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்தப் பாணியில் வருவதில் பெரும்பகுதி சுமார் ரகம். ட்ரம் வேண்டாம் என்றாகிவிட்டால் செய்வது எளிது என்று தோன்றிவிடுகிறது: ஒரு பழைய பியானோத் துண்டை எடு, சுழலவிடு, குரலைத் தாழ்த்திக்கொள், விலையுயர்ந்த சட்டையைப் பற்றியும் பழைய போதைப்பொருள் வியாபாரத்தைப் பற்றியும் பேசு. வேகமாகச் செய்யமுடிவதால் வெள்ளமும் பெருகுகிறது. டெட்ராய்ட் நகரத்தின் போல்டி ஜேம்ஸ் 2020-இல் மட்டும் நான்கு ஆல்பங்கள் வெளியிட்டார். அவர் கைதேர்ந்தவர், வெவ்வேறு புரொடியூசர்களோடு செய்ததால் நான்கும் நான்கு விதமாக நின்றன. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. லூப்புக்குள்ளேயே ஓர் அசைவு வேண்டும். ஏறி இறங்கும் பாஸ், நடுவில் நுழைந்து மறையும் ஒரு குரல், ஏதாவது ஒன்று. அது இல்லாமல் மூன்று நிமிடம் ஒரே இடத்தில் சுழன்றால், பாடுபவர் எவ்வளவு திறமைசாலியானாலும் எனக்கும் கொட்டாவிதான் வருகிறது. அப்படிப்பட்ட ஆல்பங்களைப் பற்றி நான் பேசுவதில்லை என்பதால், நான் எல்லாவற்றையும் பாராட்டுவதுபோல உங்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

நான் மாதம் ஒருமுறை மட்டும் பேசுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2015 ஜூலை முதல் உலகெங்கும் புதிய இசை வெள்ளிக்கிழமைகளில் வெளியாவது வழக்கமாகிவிட்டது, விமர்சிப்பவர்கள் சனிக்கிழமைக்குள் மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறார்கள். பெரிய ட்ரம் உள்ள பாட்டு முதல் தடவையிலேயே நம்மைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு அந்த ஒரு நாள் போதும். ட்ரம் இல்லாத ஆல்பத்தை முதலில் வரிகளைப் பாராமல் கேட்கிறேன். சில நாள் விட்டு, வரிகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்கிறேன். மாதக் கடைசியில் எதைத் தேடி மறுபடி போனேன் என்று பார்க்கிறேன். பட்டியல் அப்படித்தான் சுருங்குகிறது.

'தூக்கக் கலக்கம்' என்றீர்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கா நியூயார்க் தீயணைப்புத் துறையில் கேப்டனாகப் பணிபுரிந்துகொண்டே ஆல்பங்களை வெளியிட்டவர். 2024 அக்டோபரில், 52-ஆம் வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் வந்த அவருடைய கடைசி ஆல்பம், தேவாலயப் பாடல்களின் துண்டுகளை அடித்தளமாக வைத்து, கறுப்பின மக்களுக்கும் கிறித்தவத்துக்கும் உள்ள உறவை வரிவரியாகக் கேள்வி கேட்கிறது. அந்தக் குரல் தாழ்ந்திருப்பது அசதியால் அல்ல. மைக்குக்கு மிக அருகில், ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினால் எந்தச் சொல்லையும் கத்தி அழுத்தத் தேவையில்லை; இடம் பார்த்து வைத்தாலே அழுத்தம் வந்துவிடும். ஓங்கிய ஸ்னேர் ஒன்றை அதற்குமேல் வைத்துப் பாருங்கள், குரலை உயர்த்தாமல் அவரால் பாடவே முடியாது. ட்ரம் போனதால்தான் அந்தக் குரலுக்கு இடம் கிடைத்தது.

பழகிக்கொள்ள விரும்புபவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'ஆல்ஃபிரெடோ', அதில் ட்ரம் வருவதும் போவதுமாக இருக்கும், கிப்ஸ் வேகமாகவும் தெளிவாகவும் பாடுவார், மிரள வேண்டியதில்லை. அடுத்து, போல்டி ஜேம்ஸ் அதே ஆண்டில் ஆல்கெமிஸ்டுடன் செய்த ஆல்பம். அதன்பின் ராக் மார்சியானோ. காவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பேருந்து இரைச்சலில் வேண்டாம். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், எந்தப் பாடலில் எந்த நிமிடத்தில் சலித்தது என்று குறித்து எழுதுங்கள். அடுத்த மாதம் அந்த இடத்தையே ஓடவிட்டு, அங்கே என்ன நடக்கிறது அல்லது என்ன நடக்கவில்லை என்று பார்ப்போம்.