சனிக்கிழமை ராத்திரி யாருக்குச் சொந்தம்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி அண்ணன்மாருக்கும், இந்த நேரத்திலும் கலையாமல் உட்கார்ந்திருக்கும் ஊர் மக்களுக்கும் வணக்கம்.

வாரம் ஒருநாள் குடித்தால் உடற்பயிற்சியின் பலன் கெடுமா, கெடாதா? இதுதான் தலைப்பு. கெடும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், ஆறு நாள் இரும்பு தூக்குகிறவனை ஒரு ராத்திரி என்ன செய்துவிடும் என்றார். கூடவே புரோட்டீன் எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்றார். அப்புறம், சைடு டிஷ்ஷாக வருகிற முட்டையும் சிக்கனும் புரோட்டீன்தானே என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது.

எனக்கு அந்தக் கைதட்டல் வலித்தது, நடுவர் அவர்களே. பதினாறு வருஷமாக ஜிம்மில் மாஸ்டராக இருக்கிறேன். இதே பேச்சை என் பையன்கள் வாராவாரம் என்னிடம் சொல்கிறார்கள். நம்பித்தான் சொல்கிறார்கள்.

என் கையில் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. டூவீலர் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பியுடையது. அட்டையில் கிரீஸ் விரல் அப்படியே பதிந்திருக்கிறது. தூக்கிய எடை, எத்தனை முறை, எல்லாம் தேதி போட்டு எழுதுவான். காலையில் மூன்று முட்டை, ராத்திரி மூன்று முட்டை, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய புரோட்டீன் டப்பா. சனிக்கிழமை கூலி நாள். சாயங்காலம் ஆறரைக்கு வந்து லெக் வொர்க்அவுட் முடிப்பான். எட்டரைக்கு நண்பர்களோடு உட்காருவான். ஞாயிறுதான் லீவாச்சே என்பது அவன் கணக்கு. தோளில் எடையை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்க்வாட் பக்கத்தைப் புரட்டினால் 80 கிலோ, எட்டு முறை. அடுத்த வாரமும் 80 கிலோ, எட்டு முறை. ஐந்து மாதம் அதே வரி. ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து, "மாஸ்டர், எனக்கு உடம்பு வாகே இல்லையா?" என்று கேட்டான். அவன் உடம்பு வாகில் ஒரு குறையும் இல்லை.

எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை. அப்போது தசை நார்மேல் சுமை ஏறுகிறது, 'இனி இதைவிடப் பலமாகக் கட்டு' என்று உடம்புக்கு ஒரு உத்தரவு போகிறது, அவ்வளவுதான். கட்டும் வேலை அதற்குப் பிறகு நடக்கிறது, ஒரு நாள், ஒன்றரை நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட. அந்தத் தம்பி ஆறரைக்கு உத்தரவு கொடுத்தான். எட்டரைக்கு, வேலையாள் கரண்டியைக் கையில் எடுத்த நேரத்தில், சிமெண்டு மூட்டையில் தண்ணீரை ஊற்றினான்.

ஒரு தம்பியை வைத்து ஊருக்கே சட்டம் சொல்லக் கூடாது, சரி. ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், 2014இல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. நன்றாக உடற்பயிற்சி செய்கிற எட்டு ஆண்கள். கடுமையாகப் பயிற்சி கொடுத்து, தொடையிலிருந்து துளித் தசை எடுத்துச் சோதித்தார்கள். புரோட்டீன் மட்டும் குடித்த நாளோடு ஒப்பிட்டால், மதுவும் புரோட்டீனும் சேர்த்துக் குடித்த நாளில், தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேகம் 24 சதவீதம் குறைந்தது. புரோட்டீன் இல்லாமல் மாவுச்சத்தோடு மது குடித்த நாளில் 37 சதவீதம்.

இப்போது அண்ணனின் முட்டைக்கு வருகிறேன். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரோட்டீன், நாலு முட்டைக்கு 24. அந்த ஆராய்ச்சியில் கொடுத்தது ஒரு வேளைக்கு 25 கிராம், அதுவும் இரண்டு வேளை. அப்படிக் கொடுத்தும் 24 சதவீதம் போய்விட்டது. புரோட்டீன் நஷ்டத்தைக் கொஞ்சம் குறைத்தது. சரிக்கட்டவில்லை.

அவர்கள் கொடுத்த மது அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் ஆல்கஹால். குவார்ட்டர் என்பது 180 மில்லி பிராந்தி, விஸ்கி பாட்டில். 70 கிலோ ஆளுக்கு அதில் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. சரி, அதைவிடக் குறைத்துப் பார்ப்போம். நியூசிலாந்தில் நடந்த இன்னொரு ஆராய்ச்சியில் கிலோவுக்கு ஒரு கிராம் கொடுத்தார்கள், நம் கணக்கில் ஒரு குவார்ட்டரும் கொஞ்சமும். ஒரு காலைப் பிழிந்தெடுத்துவிட்டு வோட்கா கலந்த ஜூஸ் கொடுத்தார்கள். இன்னொரு தடவை மறு காலை அதே மாதிரி பிழிந்துவிட்டு வெறும் ஜூஸ். 36 மணி நேரம் கழித்து அளந்தால், குடித்த தடவையில்தான் காலின் பலம் அதிகமாக இறங்கியிருந்தது.

அளவை அதிலும் பாதியாக்கியபோது வித்தியாசம் தெரியவில்லை. இதை மறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பாதி அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு கட்டிங்குக்கு, அதாவது அரைக் குவார்ட்டருக்கு, கொஞ்சம் மேல். லெக் டே முடித்து, கூலிப் பணம் பையில் இருக்க, நாலு நண்பர்களோடு உட்கார்ந்த இருபத்தி நாலு வயசுப் பையன் ஒரு கட்டிங்கோடு எழுந்து வீட்டுக்குப் போவான் என்று அண்ணனால் உத்தரவாதம் தர முடியுமா? நான் பதினாறு வருஷத்தில் பார்த்ததில்லை.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். ஈரலால் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் எரிக்க முடியும். ஒன்பது மணிக்குக் குடித்தது கரைய விடியற்காலை ஐந்து ஆகும். அதுவரைக்கும் உடம்புக்கு அதுதான் முதல் வேலை, கொழுப்பை எரிப்பது பின்னால் தள்ளிப்போகிறது. குடித்தால் அடித்துப் போட்டது மாதிரி தூக்கம் வருகிறதே என்பார்கள். தூக்கம் சீக்கிரம் வரும், உண்மை. பின்ராத்திரியில்தான் அது கலைந்து கலைந்து போகும். முன்தூக்கத்தில் சுரக்க வேண்டிய வளர்ச்சி ஹார்மோனும் குறையும். சிறுநீர் அதிகமாகப் போய் உடம்பில் தண்ணீரும் இறங்கும். இத்தனைக்கும் மேல், அந்தக் குவார்ட்டரில் மட்டும் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதில் தசை கட்ட ஒரு கிராம்கூட உதவாது.

இந்தக் கணக்கை எல்லாம் அந்தத் தம்பியிடமும் உட்கார வைத்துச் சொன்னேன். திட்டவில்லை. "பத்து வாரம் மட்டும் சனிக்கிழமை ராத்திரியை எனக்குக் கொடு தம்பி" என்று கேட்டேன். கொடுத்தான். முதல் மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். வேறு எதையும் மாற்றவில்லை. அதே ஆறு முட்டை, அதே டப்பா, அதே ஆறரை மணி.

நடுவர் மணி அடித்துவிட்டார், நோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கடைசிப் பக்கம், பத்தாவது சனிக்கிழமை. 95 கிலோ, எட்டு முறை. எட்டு என்ற எண்ணைப் பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருக்கிறான், பாருங்கள்.